எனக்கு ஏறாது

கிட்ட வந்து ஒக்காருங்க சம்மந்திம்மா. பக்கத்துல பவர்லூம் ஓடுது, நான் பேசறது காதுல வுழாது. காபி ஆறுது, குடிங்க. இருங்க, கதவ சாத்திட்டு வந்துட்றேன்.

இன்னா கேட்டீங்க? ஹேமலதா குடிச்சாளாமேன்னா? குடிச்சா. அத்தக்காரி நான் எதுக்கு மறைக்கணும்? சென்னையில ஆபீஸ் பார்ட்டி. கூட இருந்த பொண்ணுங்க ஒரு கிளாஸுக்கே சிரிச்சி சிரிச்சி சாஞ்சிட்டாளுங்க. இவ மூணு குடிச்சிட்டு, அத்தினி பேரையும் ஆட்டோவுல ஏத்தி ஹாஸ்டல்ல வுட்டுட்டு வந்திருக்கா. சூப்பர்டி, உனக்கு ஏறவே இல்லன்னு ஒரே பாராட்டு. இவ பாத்ரூம்ல ஒக்காந்துகினு எனக்கு போன் போட்டு அழுவுறா. அத்தே, எனக்கு ஏறல அத்தே, அப்பா மாதிரியேன்னு.

எங்க அண்ணன், இவ அப்பா, அப்டி. கல்யாண வூட்ல அத்தினி ஆம்பளையும் உருண்டு கெடப்பான், அது மட்டும் நெட்டுக்குத்தா நின்னு எல்லாரையும் வூடு சேக்கும். அதுக்கு ஏறாதுன்னு நாங்களும் பெருமையா சொல்லிகினு திரிஞ்சோம். ஏறலன்னா எங்க நிறுத்தறதுன்னு எப்டி தெரியும்? கடைசியில காலைலயே ஊத்திகினாதான் கை நடுங்காம தறியில அறுந்த இழைய முடிச்சி போடும். ஈரல் போயி, அண்ணனும் போயிட்ச்சி.

இவ டாக்டரப் பாத்தா. குடிகாரங்க வூட்ல பொறந்தா பொம்பளைக்கும் அப்டி வரலாமாம். ஏறாததுதான் ஆபத்தாம். அன்னியோட சரி, நிறுத்திட்டா. இப்ப பிளம் கேக்கு குடுத்தாக்கூட சாராயம் கலந்திருக்கான்னு மோந்து பாத்துட்டுதான் தொடறா. சிரிக்காதீங்க.

யாரு அது? ஓ, பால்காரன்.

இதெல்லாம் அவளே உங்க புள்ள தீனாகிட்ட போன்ல சொல்லிட்டாளே. அவரு இன்னா சொன்னாரு, சொல்லலியா உங்களுக்கு? பயப்படாத ஹேமா, எவ்ளோ அடிச்சாலும் எனக்கு ஏறாது, எங்கப்பாவுக்கும் அப்டிதான்னாராம். நிறுத்திட்றீங்களான்னு கேட்டிருக்கா. ஏறினாதான நிறுத்தறதுக்குன்னு சிரிச்சாராம்.

எக்கா, ஏன் குனிஞ்சிட்டீங்க? தண்ணி வேணுமா? உங்கள ஒண்ணும் சொல்லல. அண்ணனப் பத்தி யாராவது பேசினா நானும் இப்டிதான் குனிஞ்சிகினு இருந்தேன்.

ரெண்டு பேருக்கும் ஏறலன்னா பொறக்கற கொழந்தைக்கு இன்னா ஆவும் அத்தேன்னு கேட்டா.

அதோ, அந்தப் பை உங்களுதுதான். பட்டு நெய்யற ஆரணிக்கே பட்டு எடுத்துகினு வந்தீங்களே, நிச்சயத்துக்கு, அந்தப் பொடவை. காலைல பஸ்ஸுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி, கடையில மடிச்ச மடிப்பு மேலயே மடிச்சி, உங்ககிட்ட குடுக்கச் சொல்லி அவளே வெச்சிட்டுப் போனா.