வருசா வருசம் உடையும் கால்

வடலூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர், மாவுக்கட்டுப் போட்ட வலது காலை நடைபாதையில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்ன ஆச்சு என்று விசாரித்தார். வந்த பதிலைக் கேட்டு நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"வருசா வருசம் என் காலு ஒடையும்மா. இந்தத் தடவைதான் வலிச்சுது."

"என்னாண்ணே சொல்றீங்க?"

"எங்க நிலக்கரி மைன்ஸ்ல வருசா வருசம் முதலுதவிப் போட்டி நடக்குதில்ல? எங்க டீமுல அடிபட்டவனா படுக்குறது நான்தான். பலகைய வச்சி, துணியால கட்டி, ஸ்ட்ரெச்சர்ல தூக்குவாங்க."

"அதுலயா ஒடைஞ்சிது?"

"இல்லம்மா, ஷிப்ட் முடிஞ்சி வரும்போது சைக்கிளோட வுழுந்துட்டேன். பின்னாலயே வந்த நம்ம டீம் ஆளுங்க ஓடியாந்து, நான் படுத்துக்கினு இருக்கும்போதே அழகா கட்டிட்டாங்க. வாட்சப்புக்குப் போட்டோ வேற எடுத்தாங்க."

"நல்லவேளைண்ணே."

"கட்டுனது இடது கால."

"அய்யய்யோ!"

"போட்டியில எப்பவும் இடது காலுதான். அவங்களுக்குக் கை பழகிப்போச்சு."

அந்தம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க வாயத் தொறந்து சொல்லக் கூடாதாண்ணே?"

"அடிபட்டவன் பேசினா மார்க்கு போயிடும்மா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் மூச்சு வுடலியே!"