இரைச்சல் இல்லாத ஆம்ப்ளிஃபையர்

அந்த நாற்காலி வேண்டாம் ஐயா, ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள், பாட்டு நன்றாகக் கேட்கும். பெட்டியை எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறீர்கள், தெரியும். ஒரே ஒரு பாட்டு கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள். வால்வு சூடேறுவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இதை நானே கட்டினேன். பழைய ரேடியோ வால்வு இரண்டே இரண்டு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், உடம்புக்குப் பழைய பிஸ்கட் டின். முதல் முறை பாட்டு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறையிலிருந்த மனைவியைக் கரண்டியோடு இழுத்துவந்து ஆடினேன். சத்தம் போடாதே என்று திட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரர்கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்.

என் மச்சினன் மட்டும் தலையைச் சாய்த்தான். மனைவியின் தம்பி. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை, பாம்புச் செவி.

"நல்லாத்தான் இருக்கு மாமா. அடியில லேசா ஒரு உர்ர் கேக்குது."

எனக்குக் கேட்கவில்லை. இருந்தாலும் பிரித்து மறுபடி கட்டினேன். வயர்களை முறுக்கிப் பார்த்தேன், டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தேன். இன்னும் இருக்கிறது என்றான். இப்படி நான்கு முறை. கெட்ட எண்ணம் கிடையாது அவனுக்கு. ஈயம் வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைத்துத் தருவான். நல்ல பையன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒருநாள் மனைவியும், தம்பி சொன்னதிலிருந்து தனக்கும் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு அவள் ஆடவே வரவில்லை. அது எனக்கு வலித்தது.

ரொம்பக் கவனமான பையன் ஐயா. ப்ளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டருக்குள் கரண்ட் தேங்கி நிற்கும். அதை வடித்துவிட ஒரு ரெசிஸ்டரை அவனே பற்றவைத்திருந்தான். டின்னுக்குள் கைவிடும்போது இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். இரண்டு கையும் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகுமாம். எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

ஐந்தாவது முறை கட்டியபோது அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டேன். உர்ர் அதனால் வருகிறதோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். கேட்டான். தலையைச் சாய்த்தான்.

"மாமா, கோச்சுக்காதீங்க" என்று சிரித்தான்.

நான் கோபப்படவே இல்லை. ப்ளக்கைப் பிடுங்கி அவன் கண்ணெதிரே ஆட்டிக் காட்டினேன். மூடியையும் நானே கழற்றிக் கொடுத்தேன். வழக்கம்போல இடது கை பாக்கெட்டுக்குள் போனது.

"டின் ஆடுது மாப்ள, அந்தக் கையால கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றேன்.

பிடித்துக்கொண்டான். என் பேச்சைத் தட்டமாட்டான்.

நீங்கள் தேடுகிற ரெசிஸ்டர் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். நான்தான் கொன்றேன். அவன்மேல் எனக்குத் துளி வெறுப்பு கிடையாது. மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து இந்தப் பாட்டைக் கேட்டால் அவளுக்கே புரியும்.

இதோ, வால்வு ஒளிர ஆரம்பித்துவிட்டது. என்ன அழகு பாருங்கள். எவ்வளவு சுத்தமான சத்தம், ஒரு பொட்டு இரைச்சல் இல்லை.

ஏன் ஐயா தலையைச் சாய்க்கிறீர்கள்?