மூன்று இழைகளில் ஒன்று

அவையை ஆளும் ஆய்வுக்கூட இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே, பிள்ளைகளை மடியிலும் பொறுமையைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்!

சூரியனில் இருக்கும் கரும்புள்ளி, புள்ளியா? பூமியைப் போட்டாலும் நிரம்பாத பள்ளம்! அங்கே காந்தம் கோலோச்சுகிறது. விளிம்பில் ஒளி இழை இழையாய் ஓடுகிறது. காந்தத்தைக் கண்ணால் காண முடியுமா? முடியாது. அது ஒளிக்கு இட்ட முறுக்கைத்தான் ஒரு படிகத் தகட்டின் வழியே பிரித்துப் பார்க்கிறோம்.

அப்படிப் பார்த்தபோது, மற்ற இழைகளுக்கு எதிர்த்திசைக் காந்தம் கொண்ட மூன்று இழைகளைக் கண்டேன். கண்டேன், களித்தேன், கையோடு ஆராய்ச்சி இதழுக்கு அவசரக் குறிப்பும் அனுப்பினேன். மறுநாள் தொலைநோக்கியைத் துடைக்க வந்த மெக்கானிக் அண்ணன், தகட்டைப் பிடித்திருக்கும் திருகருகே நின்றுவிட்டார்.

"யாரும்மா இந்தத் திருகை இப்படி முறுக்கினது?"

"நான்தான் அண்ணே. ஆடிடக் கூடாதுன்னு..."

"இப்படிக் கழுத்தை நெரிச்சா, போலீஸ் அடியில மாட்டினவன் மாதிரி, நீங்க கேக்குறதை எல்லாம் அது ஒத்துக்கும்!"

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதையும் நம்பாதவள் என்று பெயரெடுத்தவள் நான். திருகையும் நம்பாமல் கூடுதலாக ஒரு சுற்று முறுக்கியிருக்கிறேன்! அழுத்தப்பட்ட படிகம், இல்லாத முறுக்கையும் ஒளியில் ஏற்றிவிடும். அந்த இழைகள் சூரியனுடையவையா, என் திருகினுடையவையா?

திருகைத் தளர்த்தினோம். ஆனால் சூரியன் சுழல்கிறதே! மூன்றே நாளில் அந்தப் புள்ளி மறுபக்கம் போய்விடும். பிறகு எதைக் காட்டி மெய்ப்பிப்பேன்? குறிப்பைத் திரும்பப் பெற வேண்டியதுதான். இருபது ஆண்டு உழைப்பில் வந்த பெயரும் அதோடு போகும். முதல் இரண்டு நாளும் மேகம். ஜன்னலோரம் நின்ற என்னிடம் வீட்டுக்காரர் கேட்டார்: "நீ முறைச்சா மேகம் பயந்து விலகிடுமா?"

மூன்றாம் நாள், பதினொரு நிமிடம் வானம் திறந்தது. தளர்த்திய திருகோடு பார்த்தோம். ஓர் இழை மறைந்தது. இன்னோர் இழையும் மறைந்தது. மூன்றாவது? நின்றது! எத்தனை முறை பார்த்தும், எப்படித் திருப்பிப் பார்த்தும், நின்றது!

என்னம்மா, ஒன்றுதானா என்கிறீர்களா? ஒன்று போதும்மா! அன்று மதியம் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கிப்போனேன். எழுந்ததும் இதழுக்கு எழுதினேன்: இரண்டு என் பிழை, ஒன்று உண்மை.

ஆகவே, அந்த ஒன்றுக்காகக் கைதட்டுங்கள். பிழையென்று ஒத்துக்கொண்ட இரண்டுக்கும் சற்று ஓங்கியே தட்டுங்கள்! இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு, பாரம் இறங்கிய நெஞ்சோடு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!