மூன்றாம் சுற்றுக்கு உருமி

பயிற்சிக்கு வருமுன் ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம். அதில் தப்பே இல்லை. வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுவதைவிட அது நல்லது என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். ரொட்டி சானாய் விஷயம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

தலைவர் சன்னாசி ஐயா, கோயில் நிர்வாகக் குழுவினரே, நீங்கள் என்னை அழைக்கவில்லை. மாரியம்மா அக்காவைத்தான் விசாரணைக்கு அழைத்திருந்தீர்கள். அவர் காலில் கட்டோடு படுத்திருக்கிறார், வர முடியாது. அதனால் நான் வந்தேன். அவர் சாமி வந்ததுபோல் நடித்து, அம்மன் பேரால் இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி, தேவன் கடை வியாபாரத்தைக் கெடுத்தார் என்பது புகார். அது உண்மை என்று முடிவானால் அடுத்த திருவிழாவில் கரகத்தை வேறு யாரிடமாவது கொடுக்கப்போகிறீர்கள். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து அவர்தான் கரகம் எடுக்கிறார். அது போனால் அந்த மனுஷி வெளியே தலைகாட்ட மாட்டார்.

சாமி இறங்கிய மருளில் என்ன பேசினோம் என்பது அவருக்கு ஞாபகமே இருக்காது. அது உங்களுக்கும் தெரியும். ஆகையால் அவரால் 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று மறுக்கக்கூட முடியாது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

நான் நீலாயில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. குமுதினி டீச்சர் என்றால் லாபுவில் எல்லாருக்கும் தெரியும். என் பாட்டனார் கனகசுந்தரம் இதே தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிற்கவைத்துப் பெரட்டில் பேர் கூப்பிட்டவர். அந்த ஆட்களின் பேத்திகளைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோயில் திடலில் உடற்பயிற்சிக்கு வரிசையாக நிற்கவைத்தேன். அவர்களே இதைப் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். வகுப்புக்கு நான் வைத்த பெயர் 'பூட் கேம்ப்'. அவர்கள் 'டீச்சர் பெரட்டு' என்றார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பாட்டனார் காலத்துப் பெரட்டுக்கு எல்லாரும் நேரத்தோடு வந்தார்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

நான் எதையும் திட்டமில்லாமல் செய்வதில்லை. முதல் சுற்றில் கைகால்களைச் சூடாக்குவது. இரண்டாம் சுற்றில் குந்தி எழும் ஸ்குவாட், பழைய லோரி டயரைப் புரட்டுவது, தண்ணீர் நிரப்பிய எண்ணெய் டின்களைத் தூக்கிக்கொண்டு நடப்பது. மூன்றாம் சுற்றில் பர்பி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பர்பி என்றால் குப்புற விழுந்து, எழுந்து, குதிக்க வேண்டும். குதித்ததும் மறுபடி விழ வேண்டும். மிக நல்ல பயிற்சி.

மூன்றாம் சுற்று தொடங்கியதும் மாரியம்மா அக்கா உட்கார்ந்துவிடுவார். "முட்டி சாக்கிட் லா டீச்சர், வலிக்குது. நீங்க பாட்டுக்கு நடத்துங்க, நான் இப்படி ஓரமா குந்திக்கிறேன்" என்பார். அவர் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுச் செல்லம் உட்காருவார். செல்லம் உட்கார்ந்துவிட்டால் மற்ற எல்லாருக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். பிறகு யாராவது ஒருத்தி திடலுக்கு எதிரே இருக்கும் தேவன் கடையைத் திரும்பிப் பார்ப்பாள். அங்கே கல்லில் ரொட்டி சானாய் அடுக்கடுக்காக எண்ணெயில் வெந்துகொண்டிருக்கும். அதோடு வகுப்பு முடிந்தது.

அந்த நேரத்தில்தான் நீலாயில் ஒரு குடியிருப்போர் சங்கம் போட்டி ஒன்று அறிவித்தது. விதி ஒன்றே ஒன்று. குழுவாகப் பயிற்சி செய்துகொண்டே இருக்க வேண்டும், ஒருவர் உட்கார்ந்தாலும் அந்தக் குழு வெளியே. நான் பேர் கொடுக்கப் போனேன். மேசையில் இருந்த பெண் "லாபு எஸ்டேட் ஆன்டிங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். சின்னப் பெண்தான், கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. என் குழுவில் ஒருத்தியும் உட்காரக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பாட்டு சரியில்லையோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். இங்கிலீஷ் பாட்டுப் போட்டேன். "இது சூப்பர்மார்க்கெட்ல போடுறது லா டீச்சர், எனக்கு ஷாம்பு வாங்கணும்னு ஞாபகம் வருது" என்றார் செல்லம். சினிமாக் குத்துப்பாட்டுப் போட்டேன். பயிற்சியை விட்டுவிட்டு ஆடினார்கள், ஆடியதைக் கைபேசியில் படம் எடுத்தார்கள். பழைய மெலடி போட்டபோது இரண்டு பேர் அழுதார்கள்.

பிறகு நம் கோயில் திருவிழா வந்தது. வெயிலில் தார் ரோடு கொதித்தது. உருமி உறுமத் தொடங்கியதும் மாரியம்மா அக்கா மேல் அம்மன் இறங்கினாள். தலையில் கரகம், வெறுங்கால். ரயில்வே கேட்டிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் அவர் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. குதித்தார், சுழன்றார், தாழக் குந்தி எழுந்தார். முட்டி கால்விரலைத் தாண்டவில்லை, குதிகால் தரையைவிட்டுக் கிளம்பவில்லை. அவ்வளவு சுத்தமான ஸ்குவாட்டை நான் என் மாணவர்களிடம்கூடப் பார்த்ததில்லை. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. எனக்காக ஒரு பர்பி போடாத முட்டி உருமிக்காக இத்தனையும் செய்கிறது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மன் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. உருமி மேல்தான்.

உருமி மேளக் குழுவை நடத்தும் புனிதன் என்னிடம் படித்தவன். மேளத்தைப் பதிவு செய்து தரச் சொன்னேன். தயங்கினான்.

"டீச்சர், இத சும்மா போட்டுக் கேக்கக்கூடாது. யாருக்காச்சும் மருள் வந்துரும்."

"பள்ளி விளையாட்டு விழாவுக்குப்பா. பிள்ளைகள் அணிவகுத்துப் போறதுக்கு" என்றேன்.

அது பொய். ஆசிரியர் சொல்லும் பொய்யை மாணவன் சந்தேகிப்பதில்லை. அவன் இரண்டு அடிகளைப் பதிவு செய்து கொடுத்தான். ஒன்று அம்மனை அழைக்கிற அடி. இன்னொன்று அவளை அனுப்பிவைக்கிற அடி. "முதல் அடியப் போட்டா ரெண்டாவதையும் கண்டிப்பா போட்டுறணும் டீச்சர். இல்லன்னா அம்மா மலையேற மாட்டா" என்று இரண்டு தடவை சொன்னான். மறக்க மாட்டேன் என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மூன்றாம் சுற்றுக்கு உருமி போட்டேன். மாரியம்மா அக்கா உட்காரப்போனவர் பாதியில் அப்படியே நின்றார். உடம்பு உதறியது, கூந்தல் அவிழ்ந்தது. யாரோ குலவை போட்டார்கள். செல்லம் மஞ்சள் தண்ணீருக்கும் வேப்பிலைக்கும் ஓடினார். எல்லாரும் விளையாட்டுக் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார்கள். அம்மன் நிற்கும்போது நம் ஆட்கள் யாரும் உட்கார மாட்டார்கள். என் திட்டமே அதை நம்பித்தான் போட்டது. நிற்கிறவர்களைக் குதிக்கவைப்பது சுலபம். நான் ஒரு பர்பி போட்டுக் காட்டினேன். அம்மன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அவளும் போட்டாள். அவள் போட்ட பிறகு மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா. "தாயே, முதுகை நேராக வைத்துக்கொள்ளுங்கள்" என்று திருத்தினேன். உடனே நேராக்கினாள். ஒரே தடவை சொல்லித் திருத்திக்கொண்டவர் என் அனுபவத்தில் அவள் ஒருத்திதான்.

கடைசியில் அனுப்பிவைக்கிற அடியைப் போட்டேன். திருநீறு, எலுமிச்சம்பழம், மஞ்சள் தண்ணீர். உடம்பைக் குளிரவைக்க அதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கற்றுக்கொடுப்பதில்லை.

அம்மன் மெல்லிய குரலில்தான் பேசினாள். பின்வரிசைக்குக் கேட்காது. காதில் மாட்டிய மைக் என்னிடம் இருந்தது. ஆகையால் அவள் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். முதல் வாரம் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. "தண்ணி" என்றாள், தண்ணி என்றேன்.

அடுத்த வாரம் செல்லம் முன்னால் வந்து, "தாயே, என் மகளுக்கு எப்ப நல்லது நடக்கும்?" என்று கேட்டார். "எல்லாம் நல்லா வரும்" என்றாள் அம்மன். நான் மைக்கில், "தினமும் நடந்தால் எல்லாம் நல்லா வரும்" என்றேன். 'தினமும் நடந்தால்' மட்டும்தான் நான் சேர்த்தது. செல்லம் நடக்கத் தொடங்கினார், சர்க்கரை இறங்கியது. மகளுக்கு வரனும் வந்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பேச்சு பரவியது. குறி கேட்க வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். வந்தவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. பர்பி முடித்தவர்கள் மட்டும்தான் கேள்வி கேட்கலாம் என்று சட்டம் போட்டேன். கெமாஸிலிருந்து ரயிலேறி வந்த ஒரு பெரியவருக்கு மட்டும், வேட்டி கட்டியிருந்ததால், ஸ்குவாட் போதும் என்று சலுகை கொடுத்தேன்.

இப்போது ரொட்டி சானாய். ஒரு நாள் அம்மன் "பசிக்குது" என்றாள். எனக்குப் பின்னால் தேவன் கடையிலிருந்து வாசனை வந்தது, நாலைந்து பேர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நான் மைக்கில், "ரொட்டி சானாய் வேண்டாம் என்கிறாள்" என்றேன். அன்றைக்குத் தேவன் அடுப்பை அணைத்துவிட்டுத் திடலுக்கே வந்தார். "அம்மாவா லா சொன்னா? நெசமாவா?" என்று கேட்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அதனால் அடுத்த வாரம் தோசைக்கு மட்டும் அம்மன் அனுமதி கொடுத்தாள்.

தேவனுக்கும் மாரியம்மா அக்காவுக்கும் வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதில் பழைய சண்டை இருந்தது எனக்குத் தெரியாது. அந்தக் கோபத்தில் அக்கா அம்மன் பேரைச் சொல்லிப் பழிவாங்கினார் என்று நினைக்கிறீர்கள். அக்காவுக்கு ரொட்டி சானாய் என்றால் உயிர். வகுப்பு முடிந்ததும் "அம்மா ஏன்தான் இப்படிச் சொன்னாளோ" என்று என்னிடமே கேட்டுப் பெருமூச்சு விட்டார். சொன்னது தன் வாய் என்று நினைத்து, அன்றையிலிருந்து தானும் தொடவில்லை.

போட்டி நாளுக்கு நான் தனியாக ஒரு திட்டம் வைத்திருந்தேன். அழைக்கிற அடியையே திரும்பத் திரும்ப வரும்படி ஒட்டினேன். அனுப்பிவைக்கிற அடியை எடுத்துவிட்டேன். மறதி இல்லை, வேண்டுமென்றே எடுத்தேன். அது ஒலித்தால் அம்மன் போய்விடுவாள், அம்மன் போனால் முட்டி வந்துவிடும்.

நீலாய்த் திடலில் மற்ற குழுக்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. கடைசியாக ஒரு தொழிற்சாலைப் பையன்கள் குழு மட்டும் மிஞ்சியது. அவர்களில் ஒருவன் வாந்தியெடுத்து உட்கார்ந்தான். நாங்கள் ஜெயித்துவிட்டோம். கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அப்போது நான் பாட்டை நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூட்டம் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பேர் எழுதிய அந்தப் பெண்ணும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அம்மன் என்னிடம் வந்தாள். மாரியம்மா அக்காவின் கையால் என் கையைப் பிடித்தாள். "போதும்டி. என் பிள்ள தாங்கமாட்டா. என்னை அனுப்பி வை" என்றாள். நன்றாகக் கேட்டது. உருமிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை.

நான் மைக்கில், "அம்மன் இன்னொரு சுற்று கேட்கிறாள்" என்றேன்.

என் குழு குனிந்தது. அம்மனும் குனிந்தாள். தன் பேரால் சொன்ன வாக்கை மீறக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. குதித்து இறங்கும்போது முட்டியில் ஒரு சத்தம் கேட்டது. விழுந்தது மாரியம்மா அக்கா மட்டும்தான்.

ஆகவே கரகத்தை அவரிடமிருந்து எடுக்காதீர்கள். அவர் நடிக்கவில்லை, அம்மனும் பொய் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நான். தேவனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கிறேன். புனிதன் மேல் எந்தத் தப்பும் இல்லை. என்னைக் கோயிலுக்குள் வரக் கூடாது என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேன் திடலுக்கு வெளியே ரொம்பத் தள்ளி நின்றது. என் பெண்கள் அக்காவைத் தோளோடு தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு அந்தக் கொதிக்கிற தாரில் ஓடினார்கள். செல்லம் அழுதுகொண்டே ஓடினார். நான் விசிலோடு கூடவே ஓடினேன். வேன் வரைக்கும் ஒருத்திகூட உட்காரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, தலைவர் ஐயா. அவர்களை நான் நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன்.