உடன் வருபவர்

அது உங்க மரம் இல்ல சார். அது போன ஐப்பசியில டெல்லிக்குப் போய்ட்டு வந்த ஒரு பெரிய அதிகாரியோடது. அட்டையப் பாருங்க, தேதி போட்டுத் தொங்குதுல்லா. உங்களோடத இனிமேத்தான் வைக்கணும். மெட்ராஸ்லருந்து தூத்துக்குடிக்கு பிளேன்ல வந்தா, அந்தப் பொகைக்கு ஈடா வர அஞ்சு, போவ அஞ்சு, மொத்தம் பத்து கன்னு. குழி தோண்டிப் போட்டுட்டேன், அன்னா, அந்த மருத மரத்துக்குக் கீழ்ப்பக்கமா கெடக்கு. கன்னு அம்பாசமுத்திரத்துலருந்து வண்டியில வரணும். அதுக்குள்ள வந்துட்டா ஒண்ணே ஒண்ணு உங்க கையால வச்சிட்டுப் போங்க. வாரவங்க யாரும் வைக்கது கெடையாது, கார்ல இருந்தே பாத்துட்டுப் போயிருவாவ.

இந்த மோட்டார் ரூம் படியில உக்காருங்க சார், தொடச்சிட்டேன். ஆமா, முப்பிடாதி நாந்தான். திருநவேலி ஆபீஸ்ல தேடினியளாக்கும். சீவலப்பேரி ஆத்தங்கரையில கன்னுக்குத் தண்ணி விட்டுட்டு நிப்பான்னு சொல்லிருப்பாவ. செவ்வாயிலருந்து ஞாயிறு வரைக்கும் எனக்கு இங்கனதான் சோலி. திங்கக்கெழம மட்டும் இருக்கமாட்டேன். அந்தத் திங்கக்கெழமயப் பத்திக் கேக்கத்தான நீங்க வந்திருக்கிய?

கிளார்க்கு சொல்லிட்டாரு சார். முப்பிடாதி, உம் பேரு கம்ப்யூட்டர்ல செவப்பா வருதுன்னாரு. மதுரைக்குப் புத்துநோய் வைத்தியத்துக்குப் போற நோயாளிக்கும், கூட ஒருத்தருக்கும் கவுருமெண்டு பஸ் துட்டு குடுக்குல்லா. அந்தத் தாள்ல உடன் வருபவர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுக்குப் பக்கத்துல உறவுமுறைன்னு ஒரு கட்டம். நாலு வருசத்துல பத்தொம்பது பேரு தாள்ல உடன் வருபவர் நான். பக்கத்துக் கட்டத்துல அக்கா, மதினி, மகள், மருமகள்னு வாய்க்கு வந்ததெல்லாம் இருக்கு. அது மோசடின்னு நீங்க எழுதிட்டா, இப்ப நான் கூட்டிட்டுப் போற பாத்துவுக்கு வார திங்கக்கெழமயோட நின்னு போவும். வாரம் ஒருக்கா மருந்து ஏத்துதாவ சார் அவளுக்கு, பன்னெண்டு வாரம். எட்டு முடிஞ்சிருக்கு. நடுவுல விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. என்னைய என்ன வேணாலும் கேளுங்க, அந்த நாலு வாரத்த மட்டும் மனசுல வச்சிக்கிட்டுக் கேளுங்க.

பாத்துவுக்கு நான் அக்காவான்னு கேக்கிய. அவ மேலப்பாளையம், பீடி சுத்துதவ. நான் இந்த ஊரு, களையெடுக்கவ. பேரப் பாத்தாலே தெரிஞ்சிரும்லா. எழுதும்போது எனக்கு அது ரோசனையே வரல சார். அவ என்னைய அக்கான்னு கூப்பிடுதா, நான் அக்கான்னு எழுதினேன். உறவுமுறைன்னா கூப்பிடுத மொறதானன்னு நெனச்சேன். எங்க ஊர்ல வேற எப்பிடி? கடையில போய் நின்னாக்கூட அண்ணாச்சிதான்.

மொத மொத இது தனலட்சுமியாலதான் வந்துது. எதுத்த வீடு. மேலுக்குச் சொகமில்லாம கெடந்தா, பாத்தா இந்த வியாதி. மதுரைக்கு எழுதிக் குடுத்துட்டாவ. தொணைக்கு ஆளில்லாம சேக்கமாட்டோம்னுட்டாவ. வீட்டுக்காரரு லாரியில போனா எறங்க இருவது நாளாவும். மதினி, நீங்க வாரியளான்னு கேட்டா. எனக்கு என்ன சோலி, புள்ளையா குட்டியா. ஏறிட்டேன். உறவுமுறைன்னு கேட்டாவ, மதினின்னு சொன்னேன். தாள் எழுதுத புள்ள எழுதிக்கிட்டுது. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

பெறவு பஸ்லயே அடுத்த ஆளு கெடச்சிரும் சார். மதுர வண்டியில அந்த நேரத்துக்கு வாரவங்க பாதிப்பேரு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போவாவ. தலையில துண்டு கட்டிருப்பாவ, மடியில வாந்தி எடுக்கக் கேரி பேக்கு வச்சிருப்பாவ. பக்கத்து சீட்டு காலியா இருந்தா எனக்குத் தெரிஞ்சிரும். பைய அங்கன போய் உக்காந்துக்கிடுவேன்.

சிரிக்கிய பாத்தியளா. மாமியாக் கததான? அம்பாசமுத்திரத்துக் கெழவி ஒருத்தி, பாவநாசத்து நாடார் கடை மிட்டாய் குடுத்து மருமவளே மருமவளேன்னு கூப்பிட்டா, மருமகள்னு எழுதினேன். அடுத்த வருசம் இன்னொருத்தி. கல்யாணமே ஆவாதவளுக்கு ரெண்டு மாமியா எப்பிடின்னு உங்க கம்ப்யூட்டரு கேட்டுட்டு. நல்ல கேள்விதான். ஒரு மாமியாளுக்கே இங்கன கொடுப்பின இல்ல.

கரோலினா? அதும் செவப்பா? அவ உவரிப் பக்கம், கடக்கரைக்காரி. எனக்கு அம்பத்திமூணு, அவளுக்கு அறுபத்தொண்ணு. எட்டு வயசுல புள்ள பெத்தாளான்னு கேக்கக்கூடிய கணக்குதான், நான் ஒத்துக்கிடுதேன். ஆனா அவ வாயத் தொறந்தா மக்காதான் சார். தண்ணி குடு மக்கா, சேலையச் சரிபண்ணு மக்கா. மகள்னு எழுதிட்டேன். அவ பெத்த மவன் வெளிநாட்டுக் கப்பல்ல வேல பாக்கான். லீவு கெடைக்கல பாவம். கடைசி ரெண்டு நாளும் நாந்தான் இருந்தேன். கையப் பிடின்னா, பிடிச்சிக்கிட்டேன். அடங்கினது எனக்குத்தான் மொதல்ல தெரியும்.

அடக்கத்துக்குப் போனேன். மூணு பஸ் மாறி உவரியில எறங்குனா கோயில் வாசல்ல ஒரு பையன் கேக்கான், யாருக்கா நீங்க, எந்த ஊருன்னு. தெரிஞ்சவங்கன்னு சொன்னேன். தாள்ல மகள்னு எழுதுன எனக்கு அங்கன வாயெடுத்துச் சொல்ல முடியல பாத்துக்கிடுங்க. கடைசியா நின்னு ஒரு பிடி மண்ணு போட்டுட்டு வந்துட்டேன். காப்பியும் டீயும் குடுத்தாவ, நான் வாங்கல. அன்னைக்கி பஸ்ல அழுதேன் சார். பக்கத்துல ஒரு சீட்டு காலியாத்தான் கெடந்துது, யாரும் வந்து உக்காரல.

துட்டா? சத்தியமா இல்ல சார். எம் பஸ்ஸுக்கு நீங்க குடுக்கது போதும். சோத்த அவங்க வீட்டுலருந்தே கட்டிட்டு வந்துருவாவ. வேணும்னா பத்தொம்பது வீட்டுலயும் கேட்டுப் பாருங்க. பத்தொம்பது வீட்டுலயும் ஆளு இருக்காதுங்கது வேற விசயம்.

சொகமானவங்க ஏன் சாச்சி சொல்ல வரலன்னு கேக்கிய. வரமாட்டாவ சார். தனலட்சுமி நல்லாயிட்டா, முடியெல்லாம் மொளச்சி இப்ப பின்னல் போடுதா. ஆனா என்னையப் பாத்தா அவளுக்கு அந்த ஆஸ்பத்திரி வாசம் வந்துருதாம், அவளே ஒரு நாள் சொன்னா. தப்பா நெனச்சிக்கிடாதிய மதினி, உங்களப் பாத்தாலே கொமட்டுதுன்னா. நான் தப்பா நெனைக்கல. அவ மவ நித்யா கல்யாணத்துக்கு ஊருக்கே வெத்தல வச்சாவ, எனக்கு வைக்கல. எதுத்த வீட்டுல பந்தலு. மைக்செட்டு என் வீட்டுச் செவுத்துல வந்து இடிக்கி. நான் கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன். எனக்குக் கோவம் வரலன்னு சொன்னாப் பொய்யாப் போவும். கோவமும் வந்துது, பாவமாவும் இருந்துது.

ஊர்ல இப்ப ஒரு பேச்சு உண்டும். முப்பிடாதி ஒரு வீட்டு வாசல்ல நின்னா அந்த வீட்டுல யாருக்கோ வந்துட்டுன்னு அர்த்தமாம். அதனால நான் யாரு வீட்டுக்கும் போறதில்ல. மோரு கேக்கக்கூடப் போறதில்ல. திங்கக்கெழம பஸ் ஏறுனாத்தான் எனக்கு மனுச வாசம். மத்த நாளு இந்தக் கன்னுகதான். ஒண்ணொண்ணுட்டயும் பேசுவேன். டெல்லி வேம்பே, பெங்களூரு புங்கையேன்னு கூப்பிடுவேன்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கிடப்பிடாது. நீங்க மேகத்துக்கு மேல பறந்திய. அந்தப் பொகைக்கு இந்த ஆத்தங்கரையில ஒரு வேம்பு ஈடாவும்னு உங்க டிபார்ட்டுமெண்டே எழுதி, அட்ட கட்டித் தொங்கப் போட்டிருக்கு. அந்த வேம்புட்ட போயி நீ இந்த அதிகாரிக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலியே? நிக்கி, இல பச்சையா இருக்கு, அது போதும்னு எழுதிக்கிடுதிய. வாந்தி எடுக்கவ முதுகத் தடவி விடுதவட்ட மட்டும் அந்தக் கட்டம் எதுக்கு சார்? ஒண்ணும் சொல்லாதிய, சட்டத்த நீங்க எழுதல. எனக்குக் கேக்கணும்போல இருந்துது, கேட்டுட்டேன். இந்தக் குழாய மட்டும் மாத்திப் போட்டுட்டு வந்துருதேன், அங்கன தண்ணி தேங்கிட்டு.

என்ன எழுதுதிய? இரிங்க, கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது, வாசிங்க. ம். பாத்துவோட சிகிச்ச முடியுத வரைக்கும் அனுமதிக்கலாம். நாலு வாரமுமா? நாலுமா சார்? நல்லாருப்பிய. உங்க புள்ள குட்டி நல்லாருக்கும். பெறவு எம்பேர அடிச்சிருங்க, கவலையில்ல. அடுத்தவங்களுக்கு வேற ஆளு வரட்டும், உண்மையான அக்கா தங்கச்சியே வரட்டும், அதுதான நல்லது.

அந்தத் தாளா? அது கடைசியில சொருவி இருந்துதா? கிளார்க்கு தனியா எடுத்து வைக்கேம்னாரே. இல்ல சார், கட்டம் மாறல. எழுதினது பாத்து இல்ல, நாந்தான். நோயாளி பெயர்னு போட்ட எடத்துல முப்பிடாதின்னு இருக்கது சரியாத்தான் இருக்கு.

ரெண்டு மாசமாச்சு. பாத்துவுக்கு மருந்து எறங்கிட்டு இருக்கும்போது, சும்மா இருக்கோமேன்னு ஒரு டாக்டரம்மாட்ட காட்டினேன். ஒரு கட்டி இருந்துது. ஊசிபோட்டு சத எடுத்து அனுப்புனாவ. அதுதான்னு வந்துட்டு. ஆப்ரேசன் பண்ணிட்டா நல்லாயிரும்னாவ, நாள் தள்ளாதன்னாவ. நீங்க எந்திரிக்காதிய சார், உக்காருங்க. எனக்கு இப்ப ஒண்ணும் செய்யல. பாத்துவுகிட்ட சொல்லல. அவளே நோயாளி, இன்னொரு நோயாளிக்குத் தொணை போவ முடியாதாம், அதும் சட்டத்துல இருக்கு. அதுமில்லாம தெரிஞ்சா அவ என்னையக் கூட்டிட்டுப் போவமாட்டா, அவ வைத்தியத்தப் பாதியில விட்டுருவா.

ஆப்ரேசன் இன்னும் ஆவல. போனேன் சார், போவாமயா இருப்பேன். போன மாசம் ஒரு பொதன்கெழம இங்கன லீவு சொல்லிட்டு ஒத்தையில போனேன். ஆப்ரேசன் வார்டு வாசல்ல பெஞ்சில உக்காந்திருக்கேன். கையெழுத்து வாங்க ஒரு நர்ஸுப்புள்ள அட்டையோட வெளிய வந்து, முப்பிடாதி கூட வந்தது யாருன்னு சத்தமாக் கேட்டுது. நாலு வருசப் பழக்கம் பாத்துக்கிடுங்க, கூட வந்தது யாருன்னு கேட்டா நான் எந்திரிச்சிருவேன். நாந்தாம்மான்னு எந்திரிச்சிட்டேன். அந்தப் புள்ள தலையத் தூக்கல. அட்டையப் பாத்துக்கிட்டே, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுது. அக்கா, மதினி, மகள், மருமகள்னு பத்தொம்பது பேருக்குப் படக்குன்னு சொன்னவ சார் நான். அன்னைக்கி எனக்கு ஒரு மொறையும் வாயில வரல.