கூடுதல் கிலோமீட்டர்

இல்ல தம்பி, வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் எனக்குப் பத்தாது. மாச வாடகை கம்மியாகும்னு நீங்க சொல்றது புரியுது. நான் பள்ளிக்கூடத்துல பாதியில நின்னவதான், ஆனா குறைச்சுக் கட்டினா குறைச்சுத்தான் ஓட்டலாம்ங்கிறது எனக்கும் தெரியும். அதுக்கு மேல ஓட்டினா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனியாத் தீட்டுவீங்கள்ல. பக்கத்து வீட்டு டைலரம்மா இப்படித்தான் ஒரு வண்டிய லீசுக்கு எடுத்துட்டு, திருப்பிக் குடுக்கப் போன அன்னிக்கு முழி பிதுங்கி நின்னா. அவதான் சொல்லி அனுப்பினா. அக்கா, அவங்க வாடகையப் பத்தியே பேசுவாங்க, நீ கிலோமீட்டரைப் பத்தியே பேசுன்னு. அதான் வந்ததுலேருந்து அதையே பிடிச்சுத் தொங்கிட்டிருக்கேன். கோவிச்சுக்காதீங்க.

காபி வேண்டாம், தண்ணி போதும். காபி குடிச்சா எனக்குப் படபடன்னு வரும். இப்பவே அப்படித்தான் இருக்கு.

இருபதாயிரம் போடுங்க தம்பி. அதுக்கு ஈடா வேற எங்க குறைக்கணுமோ குறைச்சுக்கங்க. மேல கூரையில கண்ணாடி வச்சிருக்கீங்களே, அது எனக்கெதுக்கு, வெயில் மண்டையப் பொளக்கவா? அது இல்லாத வண்டியாக் குடுங்க. கலரும் நான் கேக்கல. யாரும் சீண்டாத கலர் ஒண்ணு கிடக்குமே, அதோ அந்த மூலையில நிக்குதே, பச்சையும் இல்லாம மஞ்சளும் இல்லாம, அதையே தள்ளி விடுங்க. பின் சீட்டுகூட வேண்டாம். கழட்டி வச்சுக்கிட்டுக் குறைச்சுக் குடுப்பீங்களா? சிரிக்காதீங்க, நெசமாத்தான் கேக்குறேன். நாங்க ரெண்டே பேரு. பின்னாடி உக்கார ஆள் இல்ல.

அப்புறம் அந்த வண்டிக்குள்ள ஒரு பொம்பளை பேசுதே. இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்புன்னு. அதை வாயடைக்க வழி இருக்கா? ஒரேடியா மூடணும், நடுவுல முழிச்சுக்கக் கூடாது. சரி. கைய எடுத்தாலும் தானா ஓடும்னு சொன்னீங்களே, அதையும் மூடிருங்க. அதெல்லாம் சேர்த்துத்தான் விலையா? அப்ப சரி, இருக்கட்டும், ஆனா மூடி வைங்க.

இன்னொண்ணு கேக்கணும். சார்ஜ் போடுற வயரு மழையில நனைஞ்சா ஷாக் அடிக்குமா? அடிக்காதுன்னு எழுதிக் குடுப்பீங்களா? சரி, உங்க வார்த்தைய நம்புறேன். திருப்பிக் குடுக்கும்போது கதவுல ஒரு கீறல் இருந்தா அதுக்கு என்ன கணக்கு? எங்க கட்டடத்துப் பிள்ளைங்க சைக்கிளைக் கண்ட இடத்துல சாய்ச்சு வைக்கும். சின்னக் கீறலுக்கு ஒண்ணும் இல்லையா? சின்னதுன்னா எவ்வளவு? விரல் நீளமா, கை நீளமா? அளவு இல்லாம சின்னதுன்னா, எடுக்கும்போது உங்களுக்குச் சின்னது, குடுக்கும்போது பெருசாயிடும். நடுவுல எங்கள்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆகிப்போச்சுன்னா? நல்லதையே நினைக்கணும்தான் தம்பி. கெட்டதைக் கேட்டு வச்சுக்கிட்டாத்தான் எனக்கு நல்லதை நினைக்க முடியும்.

எங்க போறதுக்கா? தங்கச்சி வீடு தூரத்துல இருக்குன்னு சொன்னேனே.

மாசத்துல எத்தனை தடவைன்னு கேட்டா என்ன சொல்றது. அவளும் நானும் பேச்சை விட்டு வருஷக்கணக்காச்சு. பொய் சொல்லணும்னு வரல, வாயில வந்துருச்சு. வேலைக்குப் போறதுக்கும் வண்டி வேண்டாம். நான் ஹோட்டலுக்குத் துணி தேய்ச்சுக் குடுக்கிற எடத்துல இருக்கேன், வீட்டுக்குக் கூப்பிடு தூரம். ஆஸ்பத்திரியும் எங்க தெருவிலயே இருக்கு. நீங்க கணக்குப் போட்டுப் பாத்து முழிக்கிறது எனக்குத் தெரியுது. ரெண்டு பேரு, கூட ஒருத்தரும் இல்ல, போற எடமும் இல்ல, இந்தம்மாவுக்கு எதுக்கு இவ்வளவு தூரம்னு.

நீங்க போன வாரம் எங்களை ஓட்டிப் பாக்கக் கூட்டிட்டுப் போனீங்கள்ல? திரும்பி வந்ததும் என்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. உங்க வீட்டுக்காரர் கலகலன்னு பேசுறாரேம்மான்னு. நான் வெறுமனே தலையாட்டினேன்.

அந்தக் கலகல ஆளு வீட்டுல பேச மாட்டாரு தம்பி. சண்டையெல்லாம் இல்ல. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. குறைன்னு யார்கிட்டயும் போய் நிக்க முடியாது. தட்டைக் கழுவி வைப்பாரு, எனக்கு முதுகு வலிச்சா தைலத்தைக் கொண்டாந்து பக்கத்துல வைப்பாரு. ஆனா வாயத் திறக்க மாட்டாரு. செவுத்தோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கும். செவுத்துலயாவது பல்லி கத்தும்.

ஸ்டியரிங்கைப் பிடிச்சாத்தான் அவருக்குப் பேச்சு வரும். காலம் பூரா பேக்கரி வேன் ஓட்டினவரு. ரிட்டையர் ஆனப்ப பழைய வேனை அவருக்கே குடுத்துட்டாங்க. என் லீவு அன்னிக்கெல்லாம் அதுல கிளம்பிடுவோம். எங்கேன்னு இல்ல. சும்மா போவோம், வருவோம். ஊருக்குள்ள ஒரு வார்த்தை வராது. சிக்னல், ஆட்டோ, ஹாரன், அதுலயே கண்ணா இருப்பாரு. பாலம் தாண்டி, சிமெண்டுக் கிடங்கெல்லாம் தாண்டி, ரோடு நீளமாப் போகும் பாருங்க, அங்கதான் தொண்டையச் செருமுவாரு. அப்புறம் பாத்துக்கங்க, குழாயத் திறந்துவிட்ட மாதிரிதான். சின்ன வயசுல நாய் கடிச்சது, அவங்கப்பா அடிச்சது, பேக்கரி முதலாளி அழுதது, எல்லாமே அங்கதான் கேட்டேன். நான் அவர் பக்கம் திரும்பக் கூடாது, திரும்பினா நிறுத்திடுவாரு. ரோட்டைப் பாத்துக்கிட்டே ம் கொட்டணும். அந்த வேன் இரைச்சல்ல பாதி காதுலயே விழாது. இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேக்கவும் முடியாது. கேட்டதை வச்சு மீதிய நானே ஒப்பேத்திக்குவேன்.

வேன் புகை கக்குதுன்னு இனிமே ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. காயலான் கடைக்குப் போயிருச்சு. அதுக்கப்புறம் நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன், ஜன்னலோரம் உக்கார வச்சேன். அடுத்தவன் ஓட்டுறதைக் குறை சொல்லக்கூட வாயத் திறக்கல. வீட்டுல ரெண்டு நாற்காலிய ஜன்னலைப் பாத்து அடுத்தடுத்துப் போட்டேன், வேன்ல உக்காந்த மாதிரியே. அவரு வலது பக்கம், நான் இடது பக்கம். கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. அப்புறம் எழுந்து நாற்காலியத் தூக்கிட்டுப் போய் ஆடுற காலுக்கு ஆணி அடிச்சு வச்சாரு. டைலரம்மாகிட்ட சொன்னேன், அவ சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நானும் சேர்ந்து சிரிச்சேன். சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டா, அவரு இருக்காரு, ஆனா யாரும் இல்லாத மாதிரி இருக்கு.

அன்னிக்கு உங்க வண்டியில, நீங்க அவர் பக்கத்துல உக்காந்தீங்க, நான் பின்னாடி. உங்ககிட்ட லாரிக்காரங்களைப் பத்தி ஏதோ சொல்ல ஆரம்பிச்சாரு. இரைச்சலே இல்லாத வண்டி, ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு. அவர் குரல் இப்படித்தான் இருக்கும்னே எனக்கு மறந்து போயிருந்துச்சு. நீங்க சீக்கிரம் திருப்பிட்டீங்க. உங்க மேல தப்பில்ல, உங்களுக்கு அடுத்த ஆள் காத்திருந்தாரு.

அதோ பாருங்க, அந்த வெள்ளை வண்டியில ஏறி உக்காந்துட்டாரு. சும்மா பிடிச்சுக்கிட்டிருக்காரு பாருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?

என்ன பேசணும்னா? பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. ஒரே ஒரு விஷயம் பாதியில நிக்குது.

வேனைக் காயலான் கடையில விடப் போன அன்னிக்கு நானும் கூடப் போனேன். வழியெல்லாம் வேனைப் பத்தியே சொல்லிட்டு வந்தாரு. கடை கிட்ட வந்துட்டோம், திடீர்னு சொல்றாரு, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் ஏன் உள்ள வரலைன்னா. அவ்வளவுதான். கேட்டுல ஒருத்தன் கையாட்டினான், உள்ள விட்டாரு, சாவியத் திருப்பினாரு. இறங்கிட்டோம்.

எங்களுக்கு ஒண்ணு பொறந்துச்சு தம்பி, பொண்ணு. விடியிற வரைக்கும்தான் இருந்துச்சு. இவரு கீழ வேனுக்குள்ளயே உக்காந்திருந்தாரு, மேல வரவே இல்ல. நான் தனியாத்தான் மடியில வச்சிருந்தேன். ஏன் வரலைன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. எனக்குத் தலை நரைச்சுப் போச்சு, வேனை விடப் போன அன்னிக்குத்தான் அவரு ஆரம்பிச்சாரு.

அதுக்கப்புறம் வீட்டுல கேக்காம இருப்பேனா? கேட்டேனே. சாப்பாடு போடும்போது மெல்லக் கேட்டேன். பாதித் தட்டுல எழுந்து போய்க் குழாயைக் கழட்டி ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சுட்டாரு. நல்லா இருந்த குழாய்.

ஐயோ, நீங்க எதுக்குத் தம்பி கண்ணைத் தொடைக்கிறீங்க, விடுங்க. மேனேஜர்கிட்ட இதையெல்லாம் சொல்லிட்டிருக்காதீங்க. அந்தம்மாவுக்கு ஊர் சுத்துற ஆசைன்னு சொல்லி, இருபதாயிரமே கேட்டுப் பாருங்க. மீதியச் சொல்ல அவருக்கு எவ்வளவு தூரம் ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? பத்தாமப் போயிடக் கூடாதுல்ல.