பவுடர் போட்ட சீட்டுக்கட்டு

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கைலாசபுரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ரிட்டயரான இருவர் இருந்தார்கள். அவர்களோடு ஞாயிறுதோறும் ரம்மி ஆடும் சண்முகம் வரவில்லை.

"கண் ஆபரேஷன் பண்ணாமலே இருந்திருக்கலாம்," என்றார் ஜன்னலோரக்காரர்.

"ஏங்க?"

"சண்முகத்தோட சீட்டுக்கட்டுல, ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னாடி அச்சடிச்சிருக்கற பூவுல ஒரு இதழ சிவப்பு மையால அடைச்சிருக்கான். எந்த இதழ்னு பாத்தாலே என்ன சீட்டுன்னு தெரிஞ்சிடும். இப்பத்தான் என் கண்ணுல படுது."

"வழுக்கிட்டு வரும்னு பவுடர் போட்டுத் துடைப்பானே?"

"மை பளபளக்காம இருக்கத்தாங்க அந்தப் பவுடர்."

"கேட்டுட வேண்டியதுதானே?"

"எப்படிங்க கேக்கறது? ஆபரேஷனுக்குக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனதே அவன்தான்."

மற்றவர் கொஞ்ச நேரம் விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.

"வாரம் நூறு ரூபா போயிருக்கும். அஞ்சு வருஷத்துக்கு ஆளுக்கு இருபத்தாறாயிரம்."